ஒன்பதாம் கிண்ணம்

வாதியோரம் தொடங்கி உருக்காலைச் சுவர் வரை
ஒரே கோட்டில் ஒன்பது கிண்ணம் புதைத்திருக்கிறேன்.
தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணம்தான்.
விளிம்பு மண்மட்டத்தில்,
அடியில் இரண்டு விரற்கடை உப்புநீர்.
இரவில் நடப்பவை தவறி விழும்.
வெயில் ஏறுமுன் எடுத்து எண்ண வேண்டும்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சோஹாரிலிருந்து வண்டி ஓட்டிவரும் கல்ஃபான்
காவாவை ஊற்றிவிட்டு
விளக்கைப் பிடிக்கிறார்.
முதல் கிண்ணம், சுவருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி:
கருவண்டு நாலு,
எறும்பு நாற்பத்தொன்று,
பதினாலு காலும் துழாவ
மரப்பேன் பத்தொன்பது.

மரப்பேனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.
பூச்சியே இல்லை அது, நண்டுக்குப் பங்காளி.
எந்தக் காலத்திலோ கரையேறி வந்தும்
ஈரம் இல்லாமல் மூச்சுவிடக் கற்கவில்லை.
பெண் தன் வயிற்றடிப் பையில்
நீர் நிரப்பிக் குஞ்சுகளைச் சுமக்கிறது.
இந்த மணலில்
ஒரு சொட்டுக் கடல் நடந்து போகிறது.
அதன் குருதியில் இரும்பு கிடையாது, செம்பு.
சுவருக்கு அந்தப் பக்கம் உருக்குவதும் செம்புதான்.

அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழியை
அறிக்கையில் எழுத முடியாது.
கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பார்கள்.
வேண்டியதற்கு மேல் வந்த செம்பை
மரப்பேன் வெளியே தள்ளுவதில்லை,
ஈரலுக்குள் மணிமணியாகக் கட்டி ஒதுக்கி வைக்கிறது,
இடம் இருக்கும் வரை.

நாலாவதில் பதினொன்று.
ஆறாவதில் மூன்று, ஒன்று பெண், பை வெறுமை.
எட்டாவதில் காற்று தள்ளிய விட்டில், அது கணக்கில் சேராது.
ஒன்பதாவதில் தண்ணீர்.
தண்ணீரில் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு.

பக்கத்தில் ஒரு காஃப் மரம்,
நம் வன்னிதான், இங்கே பெயர் வேறு.
அடியில் முழங்கால் உயரம் சருகு.
மூன்று வருடத்து இலை ஒன்றன்மேல் ஒன்று,
கடிபடாமல், மக்காமல்,
நேற்று விழுந்ததுபோல.
"இந்த மரம் தன் இலையையே திரும்பச் சாப்பிட வழியில்லை"
என்றார் கல்ஃபான்.
நான் அதையும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பால்துரையின் கேம்ப்பில் சாப்பாடு.
இரண்டாம் உலையில் அவன், ஆறு வருடமாக.
மேசைமேல் சர்க்கரை டப்பா வாய் திறந்தே கிடந்தது.
"எறும்பே கிடையாதுண்ணே இங்க. சுத்தமான இடம்.
எறும்பு தின்னா கண்ணு தெரியும்பாங்க,
எனக்கு கண்ணாடிதான் போடணும் போல."
சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினான்,
கம்பெனி எடுத்த ரத்தப் பரிசோதனை.
"ஈயம்னு போட்டு ஒரு நம்பர் இருக்கே, நிறையவா?"
நீ வந்த அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்றேன்.
அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி
அவனுக்கென்று முதல் கிண்ணம் புதைப்பார் இல்லை.
நிறைய, என்றேன்.
ரசத்தை ஊற்றினான்.

ஞாயிறு அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்:
வெறும் கிண்ணம் மாதிரி ஆகாது.
ஒன்பதை எடுத்துவிடு, எட்டோடு நிறுத்து,
கோடு அழகாக இருக்கும்.
தலையாட்டினேன்.

அன்று இரவும் கல்ஃபான் கேட்காமலே
சுவர்வரை ஓட்டினார்.
ஒன்பதாம் கிண்ணத்தைப் புதைத்து
பால்துரை டப்பாவிலிருந்து மடித்து வந்த சர்க்கரையை
விளிம்பைச் சுற்றிக் கொட்டினேன்.

விடியலில்
பனி இறங்கிக் கெட்டிப்பட்டு
வட்டம் வட்டமாகவே இருந்தது.
ஒன்பது, என்று எழுதி
எதிரே பூஜ்யம் போட்டேன்,
பேனாவை அழுத்தி,
அடுத்த தாளிலும் பதியும்படி.