எட்டரை மணி வரை

ஒரு மில்லியன் டாலருக்கு ஒரு குடை.
வருடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
வீட்டுக் காப்பீடும் கார் காப்பீடும் கைவிரித்த பிறகு
விரியுமாம்.
மழைக்கு ஆகாது என்று சிரித்தாள் டெலோரஸ்,
எத்தனை பேரிடம் சிரித்த சிரிப்போ.

"வழக்குப் போட்டால்
நம்மிடம் பிடுங்க என்ன இருக்கிறது?"
என்றான் ஆர்விட்.
பாதிக் கடன் தீர்ந்த வீடு, ஓட்டைப் படகு,
பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்த ஓய்வூதியம்.
நாயும் கிழடு. கடிக்கப் பல் வேண்டுமே.

சரிதான் என்று படுத்தேன்.
வாசற்படியில் உறைபனி இருந்தது.
தபால்காரருக்கு இடுப்பு இருந்தது.
எங்கள் மேப்பிளின் கிளையொன்று
பக்கத்து வீட்டுக் கார் மேல் நின்று
யோசித்துக்கொண்டே இருந்தது.

டுலூத்தில் இரவெல்லாம் பனி.
விடிந்ததும் ஜன்னலைத் துடைத்தேன்.
கொல்லையில் டிராம்போலின்,
மகள் கல்லூரிக்குப் போனபின் யாரும் ஏறாதது.
அதன் வெள்ளையில்
சின்னச் சின்ன பூட்ஸ் தடங்கள்.
நடுவே ஒரு பள்ளம்,
யாரோ விழுந்து எழுந்த அளவு.
வேலியில் ஒரு பலகை விலகியிருந்தது.

ஆர்விட் சுத்தியல் எடுத்தான், ஆணி தேடினான்.
கொஞ்சம் பொறு என்றேன்.

டெலோரஸ் எட்டரைக்குத்தான் அலுவலகம் திறப்பாள்.
அதற்குள்
பனியில் கிடந்த ஒற்றைக் கையுறையை
அந்தச் சந்தில் மாட்டினேன்,
எனக்குக் குனிய வேண்டிய உயரத்தில்.