திஷிதே

பார்ட்டன் தெரு ஆஸ்பத்திரியின் நிலவறையில்
என் வேலை ஏவுவது.
நாடியைத் தூக்கு. தோளை முன்னால் தள்ளு.
மூச்சை இழு. பிடி. அசையாதே.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சுகளை நிறுத்தி வைக்கிறேன்.

ஹமில்டனில் உருக்காலைக்கென்று வந்த
சேர்பியர் நிறைய.
கன்டீனில் காசு வாங்கும் ஸ்லாவ்கா
கோப்பி ரசீதின் பின்புறம் எழுதித் தந்தாள்:
உதாஹ்னிதே, இழுங்கோ.
நே திஷிதே, மூச்சு விடாதேங்கோ.
திஷிதே, விடுங்கோ.
"கடைசித் 'தே'யை விழுங்கிப்போடாதே," என்றாள்,
"அது போனால் மரியாதை போச்சு."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
எங்கள் ஊர் 'ங்கோ' அவர்கள் ஊரில் 'தே'.
இங்கிலீஷ்தான் பாவம்,
வினைக்கு வாலில்லாமல்
ஒவ்வொரு தரமும் ப்ளீஸைத் தேடி ஓடுகிறது.

மொலிம் என்றும் ஒன்று இருக்கிறதாம்.
கெஞ்சினாலும் மொலிம், நன்றிக்குப் பதிலும் மொலிம்,
காது கேட்காவிட்டாலும் மொலிம், போனை எடுத்தாலும் மொலிம்.
"எக்ஸ்ரேக்கு அது வேண்டாம்," என்றாள்,
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அடுத்தவன் பாஷையில் நான் முதலில் கற்றதும் ஏவல்தான்.
சாவடியில், ஒன்பது வயதில்.
துவக்கோடு நின்றவன் "என்ன" என்றான்.
வாருங்கள் என்று அர்த்தமாம் சிங்களத்தில்.
நான் அதைத் தமிழில் கேட்டு
"ஒண்டுமில்லை" என்றேன்.

வுகாஷின் வந்தது பெப்ரவரியில் ஒரு செவ்வாய்.
கிரேன் ஓட்டுபவர், ஐம்பத்தாறு வயது.
இங்கிலீஷ் தெரியும். ஆனால்
முதுகு திறந்த அந்த நீலச் சட்டையை மாட்டியதும்
அது எங்கோ இறங்கிப் போய்விட்டது.
ரசீதைப் பார்த்து உதாஹ்னிதே என்றேன். இழுத்தார்.
நே திஷிதே. நிறுத்தினார்.
பொத்தானை அழுத்தினேன்.
திரையில் படம் வந்து விழுந்தது.
வலது பக்கம், மேலே,
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

எவ்வளவு நேரம் தெரியாது.
கண்ணாடிக்கு அப்பால் கழுத்துச் சிவந்து
இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன்.
கீழே நிற்பவன் கை காட்டும்வரை
பாரத்தை அந்தரத்தில் வைத்திருந்து பழகியவர்.

"திஷி! திஷி!" என்று கத்தினேன்.
'தே' எங்கே போனதோ.

மூச்சோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு.
இருமினார், மறுபடி சிரித்தார்.
அப்படிச் சொல்வது
பெற்ற பிள்ளைக்கும் கட்டினவளுக்கும்தானாம்,
ஸ்லாவ்கா பிறகு சொன்னாள்.
நான் ஸொறி, ஸொறி என்று நிற்க
"நேகா, நேகா" என்று கையை அசைத்தார்.
ரசீதில் இல்லாத சொல். ஆனாலும் விளங்கியது:
இருக்கட்டும், போகட்டும்,
'ட்டும்' என்று முடிகிற எல்லாமும்.

சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே
என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார்.
"ரெத்ஸிதே."
இதுவும் ரசீதில் இல்லை.
வாலில் 'தே' இருந்தது.
சொல்லுங்கோ.

படம் எடுப்பவள் படம் வாசிக்கக்கூடாது.
அது இங்கே சட்டம்.
என் கையில் இருந்தது அவர் சற்றுமுன் தந்த சொல் ஒன்றுதான்.
"நேகா டொக்டர்..." என்றேன்.
அதற்கு மேல் வினை தெரியவில்லை.

"காஜே," என்று அவரே முடித்தார்,
நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்தபடி.
சொல்லட்டும்.