கடைசி நாற்பது நாள்

தூள் டப்பா காலி. இனி வேண்டாமென்று
மருந்துக்கடைத் தணிகாசலத்திடம் சொல்லிவிட்டேன்.
சிரித்தார்: "எடை ஏறாது, சகாயராணி."

பண்ருட்டி மண்டி ஒதுக்கிய பலாச்சடை,
நெல்லிக்குப்பத்து ஆலைப்பாகு கொஞ்சம்,
புளித்த மோர், நசுக்கிய பூண்டு.
தொட்டியில் கொட்டியதும்
ஒன்பதும் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தன.
பத்தாவது மட்டும் மோந்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது,
கணக்குக் கேட்பதுபோல்.

மூன்றாம் வாரம் கழிச்சல்.
பாகைப் பாதியாக்கினேன்.
ராத்திரி டார்ச்சோடு எழுந்துபோய்ப் பார்த்தேன்;
எதைப் பார்த்தேன் என்று
யாரிடம் சொல்ல?

தராசில் ஏற்றிய அன்று
தலைக்கு மூன்று கிலோ குறைவு.
புதுச்சேரி வியாபாரி தொடையைத் தட்டிப் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல்
கிலோவுக்கு நாலு ரூபாய் கூட்டி எழுதினான்.

தணிகாசலம் கடை வழியாகத்தான் வண்டி போனது.
பலா வாசம்
கல்லாவரை போயிருக்கும்.