கூப்பன் வெட்டப்பட்டது

லால்ஜி பாயின் ரத்திக் கடைத் தராசுக்கு
மொழி தெரியாது.
குஜராத்திப் பஞ்சாங்கம், மராத்தி கைடு,
யாரோ நாலு தடவை தோற்ற சி.ஏ. நோட்டுகள்
எல்லாம் கிலோ பதினெட்டு.
அடுக்கின் இடுக்கில் ஒரு பச்சை விரல்.

முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ள
எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது.
கண் பளிச்சென்றால் விலை ஏறும்.
முதலில் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துப்
புரட்டி, உதட்டைப் பிதுக்கி,
போகிற போக்கில் "அதையும் போடுங்க" என்றேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
ஆறு ரூபாய்.

சயானில் ஏறிய பெண்கள் பெட்டியில்
மீன்கூடைத் தண்ணீர் காலடிக்கு வந்தது.
பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
பாண்டூப் வரை நின்றேன்.
"குழந்தையா உள்ளே?" என்றாள் கூடைக்காரி.
கிட்டத்தட்ட.

பழைய வேட்டி விரித்து, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி,
துருப்பிடித்த பின் இரண்டையும் தொடாமல் திறந்தேன்.
'பச்சைக் கையுறை', இதழ் நாற்பத்தேழு.
விலை ஒன்றரை ரூபாய்.
அச்சு விலகிக் கை ஓரிடம், பச்சை ஓரிடம்;
துப்பறிகிறவர் துப்பாக்கி நீட்ட
கையுறை மட்டும் அரை அங்குலம் தள்ளிக்
காற்றைப் பிடித்திருக்கிறது.
சிவகாசியில் அன்று யாருக்கோ தூக்கம்.

உள்ளட்டையில் ஊதா முத்திரை:
வளர்மதி வாடகை நூல் நிலையம், தாராவி.
ஒரு நாளுக்குப் பத்துப் பைசா.
எச்சில் தொட்டுப் புரட்டாதீர்.

எட்வினுக்குப் போன் செய்தேன்.
ஐந்து வருஷமாக இதே இதழைத் தேடுகிறவன்.
"கூப்பன் இருக்கா?" என்றான்.
இருபத்தொன்றாம் பக்கத்தில்
பிளேடால் வெட்டிய ஜன்னல்.
அதன் வழியே அடுத்த தாளின் போலீஸ் ஜீப்
முறை வருமுன்னே வந்து நிற்கிறது.
"அப்ப அது வெறும் காகிதம்" என்று வைத்துவிட்டான்.

கூப்பன் அனுப்பினால் தகர பேட்ஜ்.
கூப்பனுக்குப் பின்பக்கம்
கொலையாளி முகமூடி கழற்றும் கட்டம்.
எவனோ ஒருவன் பேட்ஜுக்காகக்
கொலையாளியை வெட்டி எடுத்துப் போய்விட்டான்.
அதற்குப் பிறகு பத்துப் பைசா கொடுத்தவர்கள்
ஓட்டையைச் சுற்றி எழுதியிருக்கிறார்கள்:
பென்சிலில், டாக்டர்.
சிவப்பு மையில், டாக்டர் இல்லை தம்பி.
சாய்ந்த எழுத்தில், எஸ்டேட் மானேஜர் (100%).
மூலையில் கடுகு கடுகாக, சமையல்காரி?
எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்
வெட்டினவன் கை விளங்காது.

என் இரும்புப் பெட்டியில்
பெயிண்ட் உதிர்ந்த ஏழு பேட்ஜுகளுக்கு அடியில்
சோர் பஜாரில் வாங்கிய ஒரு கவர் உண்டு.
அனுப்புநர்: ம. சுடலைமாடன், ஐந்தாம் வகுப்பு 'ஆ',
தொண்ணூறு அடி ரோடு, பம்பாய் 17.
'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது.
உள்ளே நாற்பத்தேழின் கூப்பன்,
பதிலுக்கு ஒரு தபால்தலை, ஒட்டாதது.

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
இது கத்தரியின் நேர்கோடு,
அது பிளேடின் அவசரம்.
சுடலை நீ இல்லை, மன்னித்துக்கொள்.
உன் இதழிலும் இதே ஓட்டை இருக்கும்,
உனக்கும் பேட்ஜ் வரவில்லை.

கூப்பனைத் திருப்பினேன்.
நாற்பது வருஷம் கவருக்குள் கிடந்த முகம்
வெளிச்சத்துக்குக் கூசாமல்
என்னைப் பார்த்தது.

பழைய இதழில் பேனா படக்கூடாது,
விரல் ரேகைகூடக் கூடாது;
புதிதாகச் சேர்கிறவர்களுக்கு
நானே சொல்லிக்கொடுக்கிற விதி.
பென்சிலை மெல்லிசாகச் சீவி,
மூலையில் அந்தக் கடுகெழுத்துக்குப் பக்கத்தில்
ஒரு டிக் போட்டேன்.