எவ்வளவு நீளம்

புதன்கிழமை ஏழு மணிக்குக்
கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்குவேன்.
குனிந்து வருகிறவர்கள் ஆணி வாங்க வரவில்லை என்று அர்த்தம்.
பைசாந்துவின் ஜூலைக் குளிர்
ஆற்றிலிருந்து நேராக ஏறி வந்து
திருகாணிப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

நூலகத்தின் கூரை ஒழுகியதால்
என் கிடங்கைக் கேட்டு வந்தவர்கள்.
இடம் கொடுத்தேன்.
இரண்டு ஊசியும் ஒரு பந்து சாம்பல் கம்பளியும்
கையில் திணித்துவிட்டார்கள்.
சும்மா இருப்பவனைப் பார்த்தால்
நெல்பாவுக்குப் பொறுக்காது.

விதிகள் இரண்டு:
வாசிப்பவர் பின்னக்கூடாது,
பின்னுகிறவர் பேசக்கூடாது.
இரண்டாவதை மிர்த்தா ஒருநாளும் மதித்ததில்லை.
வரி அலுவலகத்தில் வேலை;
எல்லார் கணக்கிலும் அவளுக்குச் சந்தேகம்.

மால்ட் ஆலையின் இரவுக் காவலர் ஒலெகாரியோ
காலுறை பின்னுவார். எப்போதும் ஒற்றைக் காலுக்கு.
பல் மருத்துவமனை ஸுல்மா
யாருக்கென்று சொல்லாமல் ஏதோ மஞ்சளாக.
யானினா மட்டும் பசையும் அட்டையுமாக
ஒரு மூலையில் பெட்டிகள் செய்வாள்.
மாத்தே கிண்ணம் சுற்றி வரும்,
வெந்நீர் தீரும்வரை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கொலைக் கதை.
நீதிபதியின் மனைவி, பூட்டிய குளிர்பதன அறை,
தலையாட்டிக்கொண்டே பொய் சொல்லும் தோட்டக்காரன்.
நெல்பா குரல் மாற்ற மாட்டாள்.
கொலையையும் வானிலையையும்
ஒரே சுருதியில் வாசிப்பாள்.
அதுதான் பயம்.

இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில்,
எல்லாரையும் வரவேற்பறைக்கு அழைத்த துப்பறிவாளர்
தொண்டையைச் செருமிய இடத்தில்,
அட்டை வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள்.
யானினா வாங்கி முதுகைத் தடவி,
"கிழிக்கவில்லை. தையல் விட்டிருக்கிறது.
பதினொரு பக்கம்," என்றாள்,
பிரேதப் பரிசோதனை செய்தவள் போல.

பிறகு யார் பின்னினார்கள்?
டாக்டர்தான் என்றாள் மிர்த்தா.
இல்லை, தங்கை என்றாள் ஸுல்மா.
ஒலெகாரியோ ஒன்றும் சொல்லாமல்
என் மடியிலிருந்த மஃப்ளரை இழுத்து
எடை போடும் மேசையில் விரித்தார்.

முப்பது கண்ணியில் தொடங்கி
எப்படியோ ஐம்பத்திரண்டுக்குப் பெருத்திருந்தது அது.
"இங்கே பார், கல்லாக இறுகியிருக்கிறது.
அறைக் கதவைத் திறந்த வாரம்.
இது மழை வாரம், தொளதொளவென்று.
இங்கே கண்ணி நழுவியிருக்கிறது,
தோட்டக்காரன் சாவியைப் பற்றிப் பேசியபோது.
அடெமார், உன் வாய்க்குத் தெரியாதது
உன் கைக்குத் தெரிந்திருக்கிறது."

நான் ஆணி விற்பவன்.
என் கை ஒரு கொலையைத் துப்பறிந்ததாக
யாரும் சொன்னதில்லை.
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
கையைப் பையில் வைக்கவே இல்லை.

செப்டம்பரில் சால்ட்டோ நூலகத்திலிருந்து
பஸ்ஸில் வந்தது இன்னொரு பிரதி.
கொன்றவன்
இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை வந்துபோன
பால்காரன்.
சற்று நேரம் யாரும் பேசவில்லை, மிர்த்தா உட்பட.
"புத்தகம் தப்பு," என்றாள் ஸுல்மா.
தீர்மானமாக நிறைவேற்றினோம்.

அந்தப் பதினொரு பக்கத்துக்கும்
பின்னிக்கொண்டுதான் இருந்தேன்.
பால்காரன் பெயர் வந்த வரிசையில்
ஒரு துளை இருக்கிறது,
சுண்டுவிரல் நுழையும்.
பிரிக்கவில்லை.

முடிச்சிட்டு முடிப்பது எப்படி என்று
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஊசியோடு கிடக்கிறது.

நேற்று தாழ்ப்பாள் வாங்க வந்தவர்
ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து
எவ்வளவு நீளம் என்று கேட்டார்.
கடைக்காரன் இல்லையா, கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.
அளவுநாடாவைத் தொடாமலே சொன்னேன்:
இருநூற்று இருபத்தேழு பக்கம்.