வாசிக்க மட்டும்

குருநகர் கடற்றொழிலாளர் சங்கத்தின் மாடியில்
மீன்பெட்டி வெள்ளையில் ஒரு சேர்வர்.
யன்னலைத் திறந்தால் உப்பு வரும்,
பூட்டினால் அதுக்கு மூச்சு முட்டும்.
பாதி திறந்து
கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறேன்.

செவ்வாய் காலை, ஏழு பத்து.
ஜெனிற்றா படியேறி வந்தாள்:
"அக்கா, கடன் பேரேட்டிலை
குறிப்பு எண்ட நிரல் வெறுமையாக் கிடக்கு.
மாதாவாணை, நான் ஒண்டும் தொடேல்லை."

நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்.
தொகை இருந்தது. வட்டி இருந்தது.
தவணைத் திகதி அச்சொட்டாக இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு,
துறையில் முதல் எஞ்சின் இருமுகிற நேரம்,
டிஸ்க் தன்னை ஒருதரம் குறித்துவைக்கும்.
ஸ்னாப்ஷொட் என்கிறோம். படமில்லை அது.
மாறப்போவதை மட்டும், மாறமுன்னம்,
எடுத்து ஒதுக்கிவைக்கும்.
மாறாததுக்கெல்லாம் இன்றையே கைகாட்டிவிடும்.
நேற்று என்பது பெரும்பாலும் இன்றுதான்;
மிச்சம் ஒரு சின்னப் பொட்டலம்.

பொட்டலம் இருக்கிறது, வாசல் இல்லை.
வெறும் போல்டர் ஒன்றை உண்டாக்கி
இதுக்குள் வந்து இரு என்று
செவ்வாய் அதிகாலையைக் கூப்பிட்டேன்.
சேர்வர் மறுத்தது:
இதே அடையாள எண்ணோடு
ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறாராம்.

இந்தப் பதிலை
நான் வேறு கவுண்டர்களிலும் கேட்டிருக்கிறேன்.
அங்கே ஏலாது, இங்கே ஏலும்:
அடையாளம் பார்க்காதே என்று ஒரு சொல் சேர்த்தேன்.
வாசிக்க மட்டும் என்று இன்னொரு சொல்.
விட்டது.

செவ்வாயிலும் வெறுமை.
திங்களைத் திறந்தேன்.

128, யூட் அமலதாஸ்:
வலையை றோலர் இழுத்துக்கொண்டு போட்டுது. மாசி மட்டும் கேக்க வேண்டாம்.
203, பெர்னதேத்:
மகளுக்கு ஒப்பரேசன். பாதி கட்டினால் காணும்.
311, கிளமென்ற்:
குடிக்கிறார். காசுக் கதையை மனிசியோடை கதைக்கவும்.
340:
இம்முறை மண்ணிக்கவும்.

எல்லாம் காசாளர் றெஜினோல்ட்டின் தட்டச்சு.
ஓய்வெடுத்துப் போகும்வரைக்கும்
மன்னிப்புக்கு மூன்றுசுழிதான் போட்டார்.
என்ரை விரல் தானாகப் போய் ஒரு சுழியைக் குறைக்கப் பார்த்தது.
எழுத அனுமதி இல்லை என்றது திரை.
அதுவும் சரிதான்.

கடைசியாகச் சேமித்த நேரம்:
திங்கள் மாலை, ஆறு ஐம்பத்திரண்டு.
சேமித்தவர்: முகாமையாளர்.

அருளப்பு சேர் ஒளிக்கவில்லை.
ரீக்கோப்பையோடு வந்து வாசலில் நின்றார்.
"தொகை சரிதானே பிள்ளை? மற்றதெல்லாம் கதை.
வங்கிக்காரர் வந்து பாக்கேக்கை
பேரேட்டிலை கதை இருக்கப்படாது."

நான் வாதாடவில்லை.
பேரேட்டையும் தொடவில்லை.
ஏழு இரவுக்கும் ஏழு போல்டர் போட்டேன்,
திகதியே பெயர்.
கரண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பிநிற்க
தொடக்கக் கோப்பில் வரி எழுதினேன்.
கீழே உள்ள மூன்று கொம்பியூட்டருக்கும் வழி திறந்தேன்.

"அப்ப ஆரும் பாக்கலாமோ?"
"ஓம் சேர்."
"திருத்தலாமோ?"
"ஏலாது. நீங்களும் ஏலாது."

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை,
ஜெனிற்றாவுக்குச் சொன்னேன்:
எட்டாவது இரவு வர, முதலாவது விழுந்துபோகும்.
வாற திங்கள் இரண்டு மணி வரைக்கும்தான்
இந்தத் திங்கள்.
டிஸ்க் செத்தால் எட்டும் இல்லை, ஏழும் இல்லை.

அவள் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்தாள்.
மத்தியானம் கீழே இறங்கும்போது
நூற்றுத் தொண்ணூறு வரை எழுதிவிட்டிருந்தாள்,
மூன்றுசுழி எல்லாம் மூன்றுசுழியாகவே.
இடையில் ஏதோ நினைத்து
முந்நூற்றுப் பதினொன்றுக்குத் தாவினாள்,
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்:

"இல்லை, அண்ணையிட்டைக் குடுக்க வேண்டாம்.
நீங்கள்தான் ஒருக்கா வாங்கோ, அக்கா."