நாற்றம்

காலையில் நான்கு சீசாக்கள்.
ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைல மரத்து இலை.
ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி.
வெறுமனே முகர்ந்தால் போதாது,
முகரும்போது நினைக்கவும் வேண்டும்
என்றிருந்தார் மருத்துவர்.

ட்ரியெஸ்தே துறைமுகத்தில்
காப்பிக்கொட்டைக் கிடங்கொன்றில்
இருபத்தாறு வருடம் மூக்கால் பிழைத்தவள் நீவெஸ்.
ஒரு கைப்பிடியை அள்ளி முகத்தருகே கொண்டுபோனால்
எந்த மலை, மலையின் எந்தப் பக்கம்,
கப்பலில் எந்த மூட்டை நனைந்தது
எல்லாம் சொல்லிவிடுவாள்.
ஒரு காய்ச்சல் வந்தது.
போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போனது.
இப்போது தராசு மேசையில் உட்கார்த்தியிருக்கிறார்கள்.
மூட்டைகளுக்கு எடை மட்டும்தான் மிச்சம்.

ரோஜா.
கண்ணை மூடி
திருமணத்தன்று காரின் பின்சீட்டில் நசுங்கிய பூங்கொத்தை நினைக்கிறாள்.
பூங்கொத்து வருகிறது, சீட்டின் கிழிசல்கூட வருகிறது.
ரோஜா வரவில்லை.
எலுமிச்சையில் மூக்கு குளிர்கிறது, அவ்வளவுதான்.
பதினெட்டு, பத்தொன்பது.
அடுத்தது.

தங்கை ஒந்தீனா ஒரு மஞ்சள் நோட்டு வாங்கிக் கொடுத்தாள்.
தினம் மூன்று நன்றி எழுது, மனசு லேசாகும்.
முதல் நாள் எழுதியது:
நோட்டுக்கு. பேனாவுக்கு.
மூன்றாவதற்கு வழியில்லை.
பிறகு கொஞ்ச நாள் வரிக் கணக்குப்போல
பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.
மார்ச்சில் எப்போதோ கை தானாக ஓடியிருக்கிறது:
'கோப்பை, வாய்க்கு முன்னால் விரலைச் சூடாக்குகிறது.'
'போரா காற்றில் தள்ளாடிய யாரோ ஒருவர்
என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
நான் கம்பமாக இருந்தேன்.'
'என் வீட்டில் பால் கருகுவதை
மேல்மாடியிலிருந்து வந்து சொன்ன
திரு. கோஷுத்தாவின் மூக்குக்கு.'

ஏழாவது மாதம்.
மூன்று நாளாகக் காற்று ஓயவில்லை,
மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டர்கள்
வரிசையாகப் படுத்துக் கிடந்தன.
லீவியோ இழுவைப் படகிலிருந்து
முழங்கால் வரை நனைந்து வந்தான்.
கம்பளிக் காலுறையைக் கழற்றி
சமையலறை ஹீட்டர்மேல் போட்டான்,
முப்பது வருடமாகப் போடாதே என்று அவள் சொல்லும்
அதே இடத்தில்.

உள்ளே நுழைந்தவள் நின்றுவிட்டாள்.
என்னவோ இருந்தது.
முதலில் கோபமாகத்தான் தெரிந்தது,
திட்டுவதற்கு வாய்கூடத் திறந்தது.
பிறகுதான் எதற்குக் கோபம் என்று தேடினாள்.
ஈர ஆட்டு மயிர். டீசல். கடலடிச் சேறு.
நாள் முழுக்கப் பூட்ஸுக்குள் வெந்த
ஓர் ஆணின் பாதம்.

என் மொழியில் ஒரு காலத்தில்
நாற்றம் என்றாலே நறுமணந்தான்.
எந்த நூற்றாண்டில் அந்தச் சொல் அழுகத் தொடங்கியதோ தெரியாது.
அன்றிரவு அந்தச் சமையலறை வாசலில்
அது பழைய பொருளுக்கே திரும்பிப் போய்
சிறிது நேரம் நின்றது.

'எடுத்துடறேன், எடுத்துடறேன்' என்று லீவியோ எழுந்தான்.
'தொடாதே' என்றாள்.
நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
இருபது விநாடியை எண்ணவில்லை.
அவன் என்ன ஏது என்று கேட்காமல்
சூப்பை அடுப்பில் வைத்தான்.
சூப்புக்கு மணமில்லை.
கம்பளி காயக் காய அதுவும் மெலிந்து,
ஒன்பது மணிக்குள் போய்விட்டது.

மறுநாள் சீசாக்கள்.
ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை.
கிராம்பில் மட்டும் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது,
நிச்சயமில்லை.
நோட்டில் அந்தத் தேதிக்கு
ஒரே ஒரு சொல்: காலுறை.

வாசலில் லீவியோ பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.
'அதையேவா போட்டிருக்கிறாய்?
துவைக்கவில்லையா?'
'இல்லையே.'
'நல்லது' என்றாள் நீவெஸ்,
'மழை வரும்போல இருக்கிறது.'